ஆறாவது வழி

பக்கத்தில் மருந்துக்கடை எங்கே என்று ஒருநாள் ஒருவர் தெருமுனையில் வழி கேட்டார். நம்மவர் நான்கு பாதைகள் சொன்னார். எதில் பள்ளம், எதில் நாய், எதில் நிழல் என்பது உட்பட. கேட்டவர் போய்ச் சேர்ந்தபோது கடை சாத்தியிருந்தது. இது கட்டுக்கதை என்று நம்மவர் இன்றும் மறுக்கிறார். ஷட்டரைப் பாதிதான் இறக்கியிருந்தார்களாம்.

அலுவலகத்தில் அவருக்கு ‘இன்னொருவழியார்’ என்று பெயர். கூட்டத்தில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் நேரம் பார்த்து, “இதுக்கு இன்னொரு வழி இருக்கு” என்று தொண்டையைச் செருமுவார். தள்ளிய நாற்காலிகள் முனகிக்கொண்டே முன்னுக்கு வரும். வீட்டிலும் அதே பாட்டுதான். அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவர். “வாயைத் திறந்தா மூட மறக்கிறவங்களை நான் தினமும் பாக்குறேன். அவங்களாவது பல்லுக்காகத் திறக்கிறாங்க” என்பார்.

அந்த வாய்தான் ஒருகாலத்தில் அவருக்குப் பித்தளைப் பட்டயம் வாங்கிக் கொடுத்தது. ஐம்பத்து மூன்றாம் வயதில் வேலைக்கு உலை வைக்கப் பார்த்ததும் அதே வாய்தான்.

அவர் செய்வது சிப்புகளுக்குப் பரீட்சை வைக்கும் இயந்திரம். போனுக்குள்ளும் காருக்குள்ளும் துணி துவைக்கும் மெஷினுக்குள்ளும் போய் உட்காரப் போகிற சிப் ஒவ்வொன்றும் அதற்கு முன்னால் ஒரு தேர்வு எழுதியாக வேண்டும். தேர்வு மண்டபம் என்பது இரண்டு பீரோவைச் சேர்த்து வைத்த அளவில் ஓர் இயந்திரம். உள்ளே ஒரு கை தட்டிலிருந்து சிப்பை உறிஞ்சித் தூக்கும், இருக்கையில் வைத்து அழுத்தும். மின்சாரம் கேள்வி கேட்கும், சிப் பதில் சொல்லும். தேறினால் இந்தத் தட்டு, தவறினால் அந்தத் தட்டு. கண் இமைப்பதற்குள் அடுத்த ஆள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. மண்டபத்துக்குள் நல்ல சூடு. அந்தச் சூட்டில் எப்போதாவது ஒரு சிப் இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்க வந்த கை வெறுங்கையாகப் போய்விடும். அடுத்த சிப் வந்து, ஏற்கனவே உட்கார்ந்திருப்பவன் மடியில் உட்காரும். கேள்விக்குப் பதில் சொல்வது கீழே இருப்பவன். தேர்ச்சி பெறுவது மேலே இருப்பவன். கீழே இருப்பவன் கெட்டிக்காரனாக அமைந்துவிட்டால், பின்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பேனாவைத் திறக்காமலே தேறிவிடுவார்கள். அவர்களில் ஒருவன் ஏதோ ஒரு காரின் பிரேக்குக்குப் பொறுப்பாகப் போய்ச் சேருவான்.

முந்தைய கம்பெனியில் நம்மவர் இதற்கு மருந்து கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறையும் இருக்கை காலிதானா என்று பார்த்துவிட்டு அடுத்தவனை உட்கார வைப்பது. கேட்க எளிது; செய்து காட்டியவர் அவர்தான். கம்பெனி உடனே காப்புரிமைக்கு ஏற்பாடு செய்தது. கம்பெனியின் வக்கீல், மீசையும் பொறுமையும் நிறைந்தவர், எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதையே வேற எப்படியெல்லாம் பண்ணலாம்?”

காப்புரிமைத் தொழிலில் அது வழக்கம். ஒரு வழியை மட்டும் எழுதிவைத்தால் போட்டிக் கம்பெனி பக்கத்து வழியில் நுழைந்துவிடும். எனவே கண்டுபிடித்தவரையே உட்கார வைத்து, எத்தனை சந்து இருக்கிறதோ அத்தனையையும் சொல்லச் சொல்லி வேலி போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் இரண்டு சொல்வார்கள், மூன்று சொல்வார்கள். நம்மவரிடம் போய், அதுவும் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர், “இன்னும் வேற வழி இருக்கா?” என்று ஆசையாகக் கேட்டால்? ஒளி, கேமரா, காற்று, எடை, உயரம், காந்தம் என்று அவர் கொட்டித் தீர்த்தார். வக்கீலின் விரல்கள் வலித்தன. “நீங்க கதவை மட்டும் சாத்தல சார். எலிப்பொந்தையும் அடைச்சிட்டீங்க” என்று கைகூப்பினார்.

அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. சில வருடங்கள் கழித்து அந்தப் பிரிவையே மூடினார்கள். காப்புரிமை கம்பெனிக்கு, பித்தளைப் பட்டயம் அவருக்கு என்று சுமுகமாகப் பாகம் பிரிந்தது.

இந்த வயதில் வேலை தேடுவது சாமானியமா? போன இடத்திலெல்லாம் எதிரே உட்கார்ந்த பிள்ளைகள் அவரை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டுவிடாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் போட்டிக் கம்பெனி ஒன்று அவரைத் தேடிக்கொண்டு வந்தது. அங்கே மேலாளர் ஓர் இளைஞர். எதைச் சொன்னாலும் “மாசக் கடைசிக்குள்ள” என்று முடிப்பார். அதனால் அவர் பெயரே மாசக்கடைசி.

“சார், உங்க பேட்டன்ட் ஒன்னு எங்க மெஷினை வெளிய விடாம வழியை மறிச்சு நிக்குது. அதைத் தாண்ட ஒரு வழி வேணும். கட்டுனவருக்குத்தானே சுவத்துல ஓட்டை எங்கன்னு தெரியும்?”

“அதுக்கென்ன, இன்னொரு வழி இல்லாமலா போயிடும்?” என்றார் நம்மவர். பழக்கதோஷம். வேலை கிடைத்துவிட்டது.

வேலையில் சேர்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, ஓட்டையே இல்லாமல் கட்டியதற்காகத்தான் பட்டயம் கொடுத்தார்கள் என்று.

முதல் கூட்டம் ஒரு கண்ணாடி அறையில் நடந்தது. மாசக்கடைசி, நம்மவர், பரீட்சைக் கேள்விகளை எழுதும் புரோகிராமர் பெண், அப்புறம் இந்தக் கம்பெனியின் வக்கீலம்மா. வக்கீலம்மாவின் கையில் அந்தக் காப்புரிமையின் நகல். ஓரமெல்லாம் வண்ண வண்ணக் காகிதத் துண்டுகளை ஒட்டியிருந்ததில் அது ஒரு பொம்மைக் காத்தாடி மாதிரி இருந்தது.

“கேமராவுக்குப் பதிலா வெறும் வெளிச்சம் அடிச்சுப் பாத்தா?” என்றாள் புரோகிராமர் பெண்.

“இருக்கு” என்றார் வக்கீலம்மா, ஒரு பச்சைத் துண்டைத் தொட்டு.

“காத்து ஊதி?”

“ஊதுறது, உறிஞ்சறது ரெண்டுமே இருக்கு.”

“கை எவ்வளவு கீழ இறங்குதுன்னு வெச்சு?”

“இருக்கு. இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை.”

அவள் பேனாவை மேசையில் போட்டாள். “யாருங்க இதை எழுதினது? இவ்வளவு கெட்ட எண்ணம் புடிச்ச மனுஷன்?”

வக்கீலம்மா நகலின் முதல் பக்கத்தைப் பார்த்தார், மாசக்கடைசி கூரையைப் பார்த்தார். குளிர்சாதனம் மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

“நான்தாம்மா” என்றார் இன்னொருவழியார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அவர் தன்னோடு தானே சண்டை போட்டார். பழைய ஆள் வல்லவனாக இருந்தான். குளிக்கும்போது ஒரு யோசனை வரும். துண்டோடு ஓடிவந்து காப்புரிமையைப் புரட்டினால் பழைய ஆள் அங்கே ஏற்கனவே காவலுக்கு நிற்பான். இருக்கையைச் சாய்த்து வைத்தால்? எழுதியிருக்கிறான். தட்டி அசைத்தால்? அதையும் எழுதியிருக்கிறான், படத்தோடு. அப்படியென்ன மேதாவித்தனம் என்று நம்மவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்பதுதான் சிக்கல். மாசக்கடைசி தினமும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைகளில் பேச்சு தாழ்ந்தது. இந்த வேலையும் போனால் அடுத்த கதவைத் தட்ட அவருக்குத் தெம்பு இல்லை. அதை மனைவியிடம் சொல்லவில்லை. அவர் முகம் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டில் மூன்றாவது ஆள் மாமனார். ஊர்க் கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருவில் நுழைந்தால் கடைக்காரர்களின் கட்டைவிரல் தானாகத் தராசுத் தட்டைவிட்டு விலகும் என்பார்கள். இப்போது அவருக்கு ரத்தக்கொதிப்பு. தினமும் காலையில் தானே கையில் பட்டையைச் சுற்றி, வீட்டு மெஷினில் அளந்து மகளிடம் சொல்லவேண்டும்; அளவு சரியாக இருந்தால் சாப்பாட்டில் கொஞ்சம் உப்பு சேரும். அந்த மெஷினை வைக்க வீட்டிலேயே மிகச் சமதளமான பொருள் எதுவென்று தேடி, மாப்பிள்ளையின் பித்தளைப் பட்டயத்தை மேசையில் படுக்கப்போட்டு அதன்மேல் வைத்திருந்தார். தொழில் புத்தி.

ஒரு விடுமுறை நாள் காலை. மனைவி உள்ளேயிருந்து தலை வாரிக்கொண்டே குரல் கொடுத்தார். “அப்பா, எவ்வளவு?”

“நூத்தி இருபத்தெட்டு, எண்பத்தி ரெண்டு. துடிப்பு எழுபத்தி ஒன்னு.”

நம்மவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே சுவரைப் பார்த்தபடி இருந்தார். அந்த எண்கள் காதில் எங்கோ இடித்தன.

“நேத்து எவ்வளவு மாமா?”

“அதேதான் மாப்ள.”

“முந்தாநேத்து?”

“அதேதான். நல்ல உடம்பு. சொன்ன பேச்சு கேக்கும்.”

“துடிப்புமா எழுபத்தி ஒன்னு?”

“நான் என்ன உங்களை மாதிரியா? ஒரு சொல், ஒரு வழி.”

நம்மவர் எழுந்து வந்தார். மாமனாரின் கட்டைவிரல் மெஷின் திரையின் ஓரத்தில் ஏதோ ஈயை அமுக்கியதுபோல் அழுத்தமாக இருந்தது. மெதுவாக நகர்த்தினார். அடியில் ஒரு சின்ன அடையாளம்: பழைய அளவு, நினைவிலிருந்து எடுத்தது. கையில் பட்டை சுற்றியிருந்தது. காற்று ஏறவே இல்லை. பெரியவர் தினமும் பட்டையைச் சுற்றிக்கொண்டு, அளக்கும் பொத்தானுக்குப் பதில் நினைவுப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

“மாமா, இது உங்க ரத்தக்கொதிப்பு இல்ல. அதோட போட்டோ.”

“சத்தம் போடாதீங்க மாப்ள, அவ காதுல விழும்.”

“உசிரோட இருக்கிறவங்களுக்கு அளவு ஆடும் மாமா. ரெண்டு நாள் ஒரே மாதிரி வராது. ஆடாம நின்னாலே அது புது ஆள் இல்ல, பழைய ஆ...”

வாக்கியம் பாதியில் நின்றது. காபியும் பாதியில் நின்றது. நம்மவர் முகத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பல நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. அந்த நேரம் பார்த்துத்தான், ‘போட்டோ’ காதில் விழுந்து மனைவி சீப்போடு வெளியே வந்தார்.

பொத்தானை ஒழுங்காக அமுக்கினார்கள். நூற்று எழுபத்தெட்டு, நூற்று நாலு.

“அப்பாவுக்கு இப்படி இருக்கு, நீங்க பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க!”

“இல்லம்மா, அது வேற...”

“ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க? ஊரு தராசையெல்லாம் புடிச்சீங்களே!”

பெரியவர் பட்டையைக் கழற்றாமல் தரையைப் பார்த்தார். “உப்புக்காகன்னு வெச்சுக்கோயேன்” என்றார். அப்புறம் குரல் இறங்கியது. “ஏற்கனவே ஒருத்தர் முகத்தைப் பாத்து நீ தினம் பயந்துக்கிட்டிருக்க. நானும் ஒரு நம்பரைக் குடுத்து எதுக்குன்னுதான்.”

நம்மவரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

டாக்டரின் காத்திருப்பு அறையில்தான் அவர் மாமனாரிடம் அதை விளக்கினார். இத்தனை நாளும் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்; காலியா, காலியா என்று. உட்கார்ந்திருப்பவன் யார் என்று பார்க்கவே இல்லை. ஒரே தட்டிலிருந்து வந்தாலும் இரண்டு சிப்புகள் ஒரே அளவு மின்சாரம் குடிப்பதில்லை. அந்த அளவை இயந்திரம் தினமும் அளக்கிறது. தேறியதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிறது. தூக்கிப் போடாமல் முந்தையதோடு ஒப்பிட்டால்? வேறு ஆள் என்றால் ஒரு விரல்கடையாவது வித்தியாசம் வரும். அதே ஆள் என்றால் மயிரிழைதான். மயிரிழை என்றால் உடனே நிறுத்து; பழையவன் எழுந்திருக்கவில்லை.

“அப்போ என்னை வெச்சுத்தான் கண்டுபுடிச்சீங்க” என்றார் மாமனார், கொஞ்சம் தெளிந்து. “பேட்டன்ட்ல என் பேரு வருமா?”

“என்ன போட? திருட்டுத்தனம் உபயம்னா?”

“ஓய்வு பெற்ற ஆய்வாளர்னு போடுங்க.”

இயந்திரத்தில் அது வேலை செய்தது. புரோகிராமர் பெண் ஒரு சிப்பை வேண்டுமென்றே பசை தடவி இருக்கையில் ஒட்டவைத்தாள். கை வந்தது, வெறுங்கையாகப் போனது, அடுத்தவனை மடியில் உட்கார வைத்தது. இயந்திரத்தின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. “சார், கெட்ட எண்ணம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றாள். மாசக்கடைசி நம்மவரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

“சூப்பர் சார். நாளைக்கு வக்கீலம்மாகிட்ட உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டீங்கன்னா உங்க வேலை முடிஞ்சுது. ஒப்பந்தமும் மாசக் கடைசியோட முடியுது, கரெக்டா அமைஞ்சிருக்கு பாருங்க.”

“முடியுதுன்னா?”

“அதான் சார், இந்த பேட்டன்டைத் தாண்டற வேலைக்குன்னுதானே போட்டிருந்தோம்.” அவர் குரலில் கெடுதல் எதுவும் இல்லை. பேருந்து கடைசி நிறுத்தத்துக்கு வந்துவிட்டது என்று நடத்துனர் சொல்வதுபோல் சொன்னார்.

அன்று மாலை மனைவியிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். பிறகு பல் மருத்துவமனைக் குரலில், தெளிவாகவும் தாழ்வாகவும் சொன்னார்.

“நாளைக்கு அந்தம்மா கேப்பாங்க, வேற எப்படியெல்லாம் பண்ணலாம்னு. கேப்பாங்கல்ல?”

“கேப்பாங்க.”

“எல்லாத்தையும் கொட்டிட்டு வராதீங்க. ஒன்னே ஒன்னை முழுங்கிட்டு வாங்க. போன தடவை எல்லாத்தையும் குடுத்துட்டு வந்து என்ன கெடைச்சுது? அப்பா மெஷின் வைக்க ஒரு பலகை.”

“சரி.”

“என் தலைமேல சத்தியம் பண்ணுங்க.”

“உன் தலைமேல சத்தியம். ஒன்னை முழுங்கிட்டு வரேன்.”

மறுநாள் கண்ணாடி அறை. வக்கீலம்மா பழைய காப்புரிமையை ஒருமுறை முழுக்கப் புரட்டினார். “இது இருக்கையைப் பாக்கல, ஆளைப் பாக்குது. தாண்டிட்டோம்” என்றார். மாசக்கடைசி மேசையைத் தட்டினார். வக்கீலம்மா பேனாவைத் திறந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இதையே வேற எப்படியெல்லாம் பண்ணலாம் சார்?”

ஆசையாகத்தான் கேட்டார். அதுதான் வினை.

நம்மவர் ஒரு விரலை மடக்கினார். குடிக்கும் மின்சாரத்தை ஒப்பிடலாம். இரண்டாவது விரல்: பதில் சொல்ல எடுக்கும் நேரத்தை ஒப்பிடலாம். சொல்லும்போதே உடம்பில் ஒரு சூடு பரவியது. மூன்றாவது: சூட்டில் அளவு எப்படி நகர்கிறது என்பதை ஒப்பிடலாம். நான்காவது: இவற்றில் ஏதாவது இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். “அருமை” என்றார் வக்கீலம்மா. அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. ஐந்தாவது: முந்தைய ஒன்றோடு மட்டும் பார்க்காமல் பின்னால் போன பத்துப் பேரோடு பார்க்கலாம். ஐந்து விரலும் மடங்கிவிட்டது. மனைவியின் தலை நினைவுக்கு வந்தது.

முழுங்கவேண்டிய ஒன்றைத் தேடினார், ஒன்றும் மிச்சமில்லை. இன்னொரு கையைத் தூக்கினார். ஆறாவது விரலுக்கு எதுவும் வரவில்லை. பிறந்ததிலிருந்து வற்றாமல் ஊறிக்கொண்டிருந்த ஊற்று, இருந்திருந்து இந்த இடத்தில் வற்றியிருந்தது. தூக்கிய கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அவ்வளவுதான்” என்றார்.

வக்கீலம்மா பேனாவை நிறுத்தினார். மாசக்கடைசி வக்கீலம்மாவைப் பார்த்தார். இருவரும் நம்மவரின் மடியில் இருந்த கையைப் பார்த்தார்கள்.

“ஆறாவது ஏதோ சொல்ல வந்தீங்களே சார்.”

“இல்லைங்க. அவ்வளவுதான்.”

“நல்லா யோசிங்க.”

“யோசிச்சுட்டேன். நிஜமாவே இல்லைங்க.”

வாழ்நாளில் ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லை உச்சரித்தறியாத ஒருவர் சொன்னால் யார் நம்புவார்கள்? மாசக்கடைசி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஒரு காபி சாப்பிடலாமா சார்?” என்றார். அதுவரை அவர் யாருக்கும் காபி வாங்கிக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

காபி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. ஒப்பந்தம் கிடக்கட்டும், நிரந்தரமாகவே இருங்கள். வெளியே வேறு யாராவது கூப்பிட்டால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள். நம்மவர், “நீங்க நினைக்கிற மாதிரி எதுவும்...” என்று ஆரம்பித்தார். “உங்களுக்கு எப்போ சொல்லணும்னு தோணுதோ அப்போ சொல்லுங்க சார். அவசரமே இல்ல” என்றார் மாசக்கடைசி. அவர் வாயிலிருந்து அவசரமே இல்லை என்று வந்ததும் நம்மவர் வாயடைத்துப் போனார். அடைத்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

மனைவிக்குச் சந்தோஷம். “பாத்தீங்களா? ஒன்னை முழுங்கினதும் என்ன மரியாதை!” என்றார். முழுங்க ஒன்றுமே இருக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஆறாவது வழி அலுவலகத்தில் பிரபலம். புரோகிராமர் பெண் மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம், “எங்களுக்காவது காதோட சொல்லுங்க சார்” என்பாள். அவர் சிரிப்பார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாசக்கடைசி இப்போதும் ஒரு நிமிடம் நிற்கிறார்; பக்தியோடு. உள்ளே நம்மவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். நிஜமாகவே ஓர் ஆறாவது வழியைத் தேடுகிறார். வரவில்லை. எந்தக் கூட்டத்திலும் அவர் தொண்டையைச் செருமுவதில்லை. செருமினால் ஏதாவது சொல்லவேண்டும்; சொன்னால், இவ்வளவுதானா என்று தெரிந்துவிடும். நாற்காலிகள் ஒருமுறை பின்னுக்குப் போனால் போனதுதான். கூட்டங்கள் நேரத்தோடு முடிவதில் எல்லோருக்கும் நிம்மதி.

மாமனாருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அளவு தினமும் ஆடுகிறது. ஆடுவதே நல்லதாகப் போயிற்று. சென்ற வாரம் காலையில் தன்னுடையதை அளந்து முடித்ததும் பெரியவர் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார், கடையில் தராசுமுள்ளைப் பார்க்கிற அதே பார்வை.

“கையை நீட்டுங்க.”

“எனக்கெதுக்கு மாமா?”

“நீட்டுங்கன்னா.”

பட்டை இறுகியது. மெஷின் முனகியது, தயங்கியது, எண்ணைக் காட்டியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எண் மாறவில்லை. நூற்று அறுபதுக்கு மேல் இருந்தது.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “யாருக்கு அளக்கறீங்க? எவ்வளவு?”

நம்மவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து, மாமனாரின் காதோரம் கேட்டார்.

“மாமா, உங்க பழைய நம்பர் இன்னும் அதுக்குள்ள இருக்கா?”